மதிலுக்கு உள்ளே இருக்கும் காற்று

தொழிலாளர் சம்பந்தமான நான்கு சட்டத் தொகுப்புகள் 2025-ம் வருஷம் நவம்பர் மாதம் 21-ந் தேதி முதல் அமுலுக்கு வந்துவிட்டதாக மத்திய சர்க்கார் அறிவித்த நாள் தொட்டு, அவற்றைப் பற்றிய வாதப் பிரதிவாதங்களுக்குக் குறைவில்லை. சம்பளம் என்பது எது, வேலை நேரம் எத்தனை மணி, வேலைநிறுத்தத்திற்கு எத்தனை நாள் நோட்டீஸ், ஆட்குறைப்புக்கு யாருடைய அனுமதி ஆகிய விஷயங்களெல்லாம் மேடைகளில் அடிபடுகின்றன. அடிபட வேண்டியவைதாம். ஆனால் தொழிலாளி ஒவ்வொரு நிமிஷமும் உட்கொள்ளும் வஸ்து ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நிர்வாகத்தோடு பேரம் பேசுவோர் இல்லை. அதன் தரம் என்னவென்று விசாரிப்போரும் இல்லை. பட்டறையின் நான்கு சுவர்களுக்குள்ளே அவன் இழுக்கும் மூச்சையே நாம் குறிப்பிடுகிறோம். இந்தச் சட்டத் தொகுப்புகளில் ஒன்று தன் பெயரிலேயே 'சுகாதாரம்' என்ற சொல்லைத் தாங்கிக்கொண்டு வந்திருக்கிறது. அந்தச் சொல்லுக்கு ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் என்ன பொருள் ஏற்படப் போகிறது என்பதே இன்று நாம் எழுப்ப விரும்பும் பிரச்னை.

ஓசூரை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. கடல் மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில், வெயிற் காலத்திலும் உடம்பைச் சுடாத காற்றுள்ள ஊர் என்று ஒரு காலத்தில் அது பெயரெடுத்திருந்தது. வெள்ளைக்காரத் துரைமார்கள் அதன் சீதோஷ்ணத்தைப் பார்த்துவிட்டு 'குட்டி இங்கிலாந்து' என்று கொண்டாடினார்களாம். அப்போதைய தர்மபுரி ஜில்லாவில், மழையை நம்பிய ராகி விவசாயமும் வேலையற்ற வாலிபர்களுமாக இருந்த அந்தப் பிரதேசத்தில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டது. பிறகு அசோக் லேலண்டின் லாரிகளும், டி.வி.எஸ். இரு சக்கர வண்டிகளும், டைட்டன் கைக்கடிகாரங்களும் அங்கே உற்பத்தியாகத் தொடங்கின. கிருஷ்ணகிரி 2004-ல் தனி ஜில்லாவாயிற்று. ஓசூர் 2019-ல் மாநகராட்சியாயிற்று. போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர்களும், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் செல்போன் உறுப்புகளும் செய்யப்படுகின்றன. தேசத்தில் கைத்தொழில் பெருக வேண்டும், நம் கைகளே நம் சாமான்களைச் செய்ய வேண்டும் என்று ஓயாமல் எழுதியும் பேசியும் வந்தவர்கள் நாம். ஆகவே இந்த ஆலைகளைக் கண்டு மகிழ்கிறோமே தவிர, அவை வேண்டாமென்று சொல்லும் கூட்டத்தில் நாம் சேர மாட்டோம். மகிழ்கிறவர்களுக்குத்தான் விலையைக் கேட்கும் உரிமையும் கடமையும் உண்டு.

வெளிக் காற்றைப் பற்றிச் சட்டம் இருக்கிறது. காற்று மாசு தடுப்புச் சட்டம் 1981-ல் வந்தது. ஒரு கன மீட்டர் காற்றில் எந்தெந்த மாசு எவ்வளவு இருக்கலாம் என்ற தேசிய அளவுகள் 2009-ல் திருத்தி வெளியிடப்பட்டன. தலைமயிரின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகள், அதாவது 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகள், இருபத்து நான்கு மணி நேரச் சராசரியில் 60 மைக்ரோகிராமுக்கும், வருஷச் சராசரியில் 40 மைக்ரோகிராமுக்கும் மேற்படக் கூடாதென்பது அந்த அளவுகளில் ஒன்று. உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் வருஷச் சராசரி 5 மைக்ரோகிராம்தான் இருக்கலாம் என்று சொல்லிவிட்டது. எனினும் நமக்கென்று ஓர் அளவாவது இருக்கிறது. நகரங்களின் காற்றுத்தரக் குறியீட்டை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தினந்தோறும் வெளியிடுகிறது. டில்லி மாநகரம் குளிர் காலத்தில் மூச்சுத் திணறும்போது பாராளுமன்றம் வரை அந்தப் பேச்சு எட்டுகிறது.

ஓசூரின் வீதிக் காற்று டில்லியின் காற்றைப் போல் இல்லை என்பது உண்மை. அதைக் கொண்டு, 'நமக்கு இந்தத் தொல்லை கிடையாது' என்று நம் பிரமுகர்கள் பலர் திருப்தியடைந்து விடுகிறார்கள். இங்கேதான் தவறு நிகழ்கிறது. ஓசூர்த் தொழிலாளி வீதியிலா வசிக்கிறான்? எட்டு மணி நேரம், ஓவர்டைம் இருந்தால் பன்னிரண்டு மணி நேரம், அவன் ஒரு ஷெட்டுக்குள் நிற்கிறான். மிச்ச நேரத்தில் பெரும் பகுதியை நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்குப் பிடித்த ஓர் அறையில் படுத்துக் கழிக்கிறான். வீதிக்கு அவன் வருவது போக வரத்தான். அவன் போகும் வழியின் காற்றுக்குக் குறியீடு இருக்கிறது. அவன் நிற்கும் இடத்தின் காற்றுக்கு இல்லை.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். கைக்கடிகாரத்தின் உள்யந்திரத்தைப் பூட்டும் அறைகளிலும், மின்னணு உறுப்புகள் செய்யும் அறைகளிலும் காற்றை வடிகட்டி உள்ளே விடுவது அத்தொழில்களின் வழக்கம். தலைக்குக் குல்லாய், காலுக்கு உறை, உடம்புக்கு அங்கி இவையெல்லாம் அணிந்துதான் உள்ளே போகலாம். ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை துகள்கள் மிதக்கின்றன என்று கருவி வைத்து எண்ணுகிறார்கள். எண்ணிக்கை மிஞ்சினால் வேலையை நிறுத்துகிறார்கள். ஏனெனில் தூசி பட்டால் பொருள் கெடும்; கெட்ட பொருளை வாங்குகிறவன் திருப்பி அனுப்பிவிடுவான். ஆகவே, காற்றைச் சுத்தமாக வைப்பது எப்படி, அதை அளப்பது எப்படி என்ற வித்தை ஓசூருக்குத் தெரியாததல்ல. நன்றாகத் தெரியும். பொருளுக்காக அந்த வித்தை நடக்கிறது. அதே ஊரில் நாலு தெரு தள்ளி, பொருளுக்குத் தூசியால் கெடுதல் இல்லாத பட்டறைகளில், மனிதன் அந்தத் தூசியைத் தின்றுகொண்டு நிற்கிறான். அங்கே எண்ணுவதற்குக் கருவி இல்லை.

அந்தப் பட்டறைகளுக்குள் சற்று நுழைந்து பார்ப்போம். பெரிய ஆலைகளுக்கு உறுப்புகள் செய்து கொடுக்கும் 'ஜாப் ஒர்க்' ஷெட்டுகள் சிட்கோ பேட்டையிலும் அதைச் சுற்றியுள்ள சந்துகளிலும் ஏராளமாக இருக்கின்றன. தகரக் கூரை, முன்பக்கம் ஒரு ஷட்டர், பின்பக்கம் பக்கத்து ஷெட்டின் சுவர். ஒரு மூலையில் வெல்டிங் நடக்கிறது. இரும்பும் மாங்கனீஸும் ஆவியாகி, உடனே குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத துகள்களாகிப் புகையோடு மேலே எழுகின்றன. வெல்டர் குனிந்தே வேலை செய்கிறவனாதலால் அந்தப் புகையின் நடுவில்தான் அவன் மூக்கு இருக்கிறது. பக்கத்தில் கிரைண்டிங் சக்கரம் பொறி கக்குகிறது. பொறி கண்ணுக்கு அழகு. பொறியோடு கிளம்பும் பொடி கண்ணுக்குத் தெரிவதில்லை. லேத்தில் சுழலும் உலோகத்தின் மேல் ஊற்றும் எண்ணெய்க் கலவை சூட்டினால் மூடுபனி போலப் பரவி, சுவரிலும் சட்டையிலும் சுவாசப் பையிலும் படிகிறது. குரோமியம் பூசும் தொட்டிகளில் மின்சாரம் பாயும்போது எழும் குமிழிகள் உடைந்து, அமிலத் துளிகளைக் காற்றில் தெளிக்கின்றன. அந்தக் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கும் என்பது நெடுங்காலமாக நிரூபணமான விஷயம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிருக்குப் பயந்து ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு நடக்கும் இரண்டாவது ஷிப்டை நினைத்துப் பார்த்தால், மேலே விவரிக்கத் தேவையில்லை.

பரிகாரம் என்று பெரும்பாலும் இருப்பது மேலே சுழலும் ஒரு மின்விசிறி. அது காற்றைக் கலக்குகிறது, வெளியேற்றுவதில்லை. வெல்டரின் புகையை லேத்காரனுக்கும், லேத்காரனின் எண்ணெய் மூட்டத்தை வெல்டருக்கும் பங்கிட்டுக் கொடுப்பதுதான் அது செய்யும் தர்மம். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொள்வது இன்னொரு பரிகாரம். பெரிய தூசியை அது நிறுத்தும். சுவாசப் பையின் அடிவரை போகும் நுண்துகளை அது நிறுத்தாது. உண்மையான பரிகாரம், புகை எழும் இடத்திலேயே, தொழிலாளியின் மூக்கை எட்டுமுன், ஒரு குழாய் வாயை வைத்து அதை உறிஞ்சி, வடிகட்டி வெளியேற்றுவது. இது புதிய கண்டுபிடிப்பன்று. எந்தப் பாலிடெக்னிக் மாணவனும் படித்தறிந்த விஷயம்.

சட்டம் இந்த விஷயத்தில் எவ்வளவு தாராளமாக நடந்துகொண்டது என்று பார்ப்போம். 1948-ம் வருஷத்து பாக்டரிச் சட்டம் காற்றோட்டத்திற்கு 13-வது ஷரத்தையும், தூசிக்கும் புகைக்கும் 14-வது ஷரத்தையும் ஒதுக்கிற்று. ஆனால் எவ்வளவு தூசி கூடாதென்று எண்ணால் விதிக்கும் அட்டவணை அதில் சேர 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு ஆலை மதிலைத் தாண்டி ஊருக்குள் போய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற பிறகே, மதிலுக்குள்ளும் ஓர் அளவு வேண்டும் என்ற ஞானம் பிறந்தது. அந்த அட்டவணையில் வெல்டிங் புகைக்கு எட்டு மணி நேரச் சராசரியாக விதிக்கப்பட்ட வரம்பு, ஒரு கன மீட்டருக்கு 5 மில்லிகிராம். அதாவது 5,000 மைக்ரோகிராம். வீதியில் நடக்கும்போது அதே மனிதனுக்கு 60 மைக்ரோகிராமுக்கு மேல் ஆகாதென்றது சட்டம். ஷட்டருக்குள் நுழைந்ததும் அதைப் போல் எண்பது மடங்குக்கு மேல் தாங்குவான் என்று தீர்மானித்தது. வீதி அளவு குழந்தைக்கும் நோயாளிக்கும் கிழவருக்கும் சேர்த்து வகுத்தது. பட்டறை அளவு திடமான வயது வந்தவனுக்கு, அதுவும் எட்டு மணி நேரத்துக்கு மட்டும் வகுத்தது. இரண்டிலும் துகளின் வகையும் ஒன்றன்று என்று நிபுணர்கள் சமாதானம் சொல்லுவார்கள். சமாதானத்தில் நியாயம் ஓரளவு உண்டு. எண்பது மடங்கு நியாயம் உண்டா என்பதே நம் கேள்வி. அந்த 5 மில்லிகிராமாவது எத்தனை ஷெட்டுகளில், எத்தனை தடவை, யாரால் அளந்து பார்க்கப்பட்டது என்பது அடுத்த கேள்வி.

ஓசூரிலிருந்து நெடுஞ்சாலையோடு கிருஷ்ணகிரிக்கு இறங்கினால் காற்றின் நிறமே மாறுகிறது. இங்கே இரும்புக்குப் பதில் கல். கிருஷ்ணகிரிக் கருங்கல் கடல் கடந்து போய் அயல்நாட்டு மாளிகைகளின் தளமாகவும் சமாதிகளின் பலகையாகவும் பளபளக்கிறது. மலையைத் துளையிடும் டிரில்லர், ஜல்லி உடைக்கும் கிரஷர், பலகையின் ஓரத்தைக் கையால் தேய்க்கும் சிறு யந்திரம் இவை யாவும் கிளப்பும் வெண்தூளில் சிலிக்கா இருக்கிறது. மூச்சோடு உள்ளே போன இந்தப் படிகத் தூளைச் சுவாசப் பையால் ஜீரணிக்கவும் முடியாது, வெளியேற்றவும் முடியாது. தூள் தங்கிய இடமெல்லாம் தழும்பாகிறது. தழும்பு வளர வளர மூச்சுக்கு இடம் குறைகிறது. வேலையை விட்டு நின்ற பிறகும் நோய் நிற்பதில்லை. மருந்து கிடையாது. சிலிக்கோசிஸ் என்று வைத்தியர்கள் பெயரிட்டிருக்கும் இந்த நோய் பார்வைக்குக் காசநோய் போலவே இருப்பதால், காசநோய் மாத்திரையைத் தின்றுகொண்டே மடிந்த கல் தொழிலாளிகள் இந்நாட்டில் அநேகர். சிலிக்கா தங்கிய சுவாசப் பையில் காசநோயும் சுலபமாகக் குடியேறிவிடும் என்பது மேலும் ஒரு துயரம்.

இது எங்கோ தூர தேசத்துச் சங்கதி அன்று. கிருஷ்ணகிரி ஜில்லா எல்லையை அடுத்திருப்பது கோலார் ஜில்லா. அங்கேயிருந்த தங்கவயலின் ஆழத்தில் இறங்கி வேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலிய நம் ஜில்லாக்களிலிருந்து போன தமிழர்கள். இந்த நோயைப் பற்றி இந்தியாவில் நடந்த முதல் பெரிய விசாரணைகளுள் ஒன்று 1940-களில் அந்தச் சுரங்கங்களில்தான் நடந்தது. 7,000-க்கு மேற்பட்ட தொழிலாளிகளைப் பரிசோதித்ததில் 100-க்கு 40 பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் கண்டிருந்தது. சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டுவிட்டது. தங்கம் போன இடம் தெரியும். அந்த மூச்சுகள் போன இடம் ரிக்கார்டில் மட்டும் இருக்கிறது. எண்பது வருஷத்துக்கு முன் நம்மவர்களின் நெஞ்சைப் பிளந்து கற்ற பாடம், பக்கத்து ஜில்லாவின் கல் குவாரிகளுக்கு இன்னும் முழுவதும் எட்டவில்லை என்றால், அந்தப் பாடத்துக்கு நாம் கொடுத்த விலை வீண் என்றுதான் சொல்ல வேண்டும். துளையிடும் இடத்தில் தண்ணீர் பாய்ச்சினால் தூள் எழும்பாது. கிரஷரை மூடி, நீர் தெளித்தால் பெரும் பகுதி அடங்கிவிடும். இவ்வளவு எளிய காரியம். ராஜஸ்தான் ராஜ்யம் 2019-ல் இந்நோய்க்கென்றே தனிக் கொள்கை வகுத்து, நோய் நிச்சயமான தொழிலாளிக்கு 3 லட்சம் ரூபாயும், அவர் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் என்று ஏற்பாடு செய்தது. கருங்கல்லைவிடப் பன்மடங்கு சிலிக்கா கொண்ட செயற்கைக் கற்பலகையை ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் தடையே செய்துவிட்டது. கல்லால் பணம் சம்பாதிக்கும் ராஜ்யங்களில் தமிழ்நாடு கடைசியானதல்லவே. கல் தொழிலாளியைக் காப்பதிலும் கடைசியாக இருக்க வேண்டியதில்லை.

மதிலுக்கு உள்ளே நடப்பதை, மதிலுக்கு வெளியே ஏதாவது வந்து விழுந்தாலன்றி நாம் பார்ப்பதில்லை. கோடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் கதை இதற்குச் சரியான திருஷ்டாந்தம். 1980-களில் தொடங்கிய அந்த ஆலைக்குள் பாதரசத்தை வைத்து வேலை செய்தவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். பாதரசம் சாதாரண உஷ்ணத்திலேயே ஆவியாகும். வாசனை இல்லை, நிறம் இல்லை. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஊரிலுள்ள ஒரு பழைய சாமான் கிடங்கில் குவிந்து கிடந்தது 2001-ல் அம்பலமான பிறகே ஊர் விழித்தது, ஆலையும் மூடப்பட்டது. தொழிலாளிகளின் தேகத்திற்குக் கேடு விளையவில்லை என்றே கம்பெனியார் சாதித்து வந்தனர். ஆயினும் பதினைந்து வருஷப் போராட்டத்துக்குப் பின், 2016-ல் 591 முன்னாள் தொழிலாளிகளோடு ராஜி செய்துகொண்டார்கள். கண்ணாடி வெளியே வராதிருந்தால்? ஓசூருக்கு அருகில் ஒரு மின்னணு ஆலையின் ரசாயனக் கிடங்குப் பக்கத்தில் 2024 செப்டம்பர் 28-ந் தேதி தீப்பிடித்தபோதும் இதே கதைதான். கரும்புகை வானத்தில் எழுந்தது. புகையைச் சுவாசித்த சிலர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டனர். அன்று தேசத்துப் பத்திரிகைகள் எல்லாம் ஓசூரை எழுதின. மெல்லிய புகை தினந்தோறும் எழும் நூறு ஷெட்டுகளைப் பற்றி எழுத எவரும் வரவில்லை. நாமும் வரவில்லை என்று ஒப்புக்கொள்கிறோம்.

இப்போது புதிய சட்டத் தொகுப்புக்கு வருவோம். பழைய சட்டத்தில், மின்சக்தி உபயோகிக்கும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால் அது 'பாக்டரி'. புதிய தொகுப்பில் 20 பேர் வேண்டும். மின்சக்தி இல்லாத இடத்தில் 20 என்றிருந்தது 40 ஆகியிருக்கிறது. 10 பேருக்கு மேற்பட்ட எந்த ஸ்தாபனத்துக்கும் காற்றோட்டம் பற்றிய பொதுக் கடமை உண்டு என்று தொகுப்பு சொல்வதை நாம் மறைக்கவில்லை. ஆனால் 'பாக்டரி' என்ற பெயருக்குரிய தனிக் கட்டுப்பாடு வேறு, பொதுக் கடமை வேறு. பதினைந்து பேரை வைத்து வெல்டிங்கும் பிளேட்டிங்கும் நடத்தும் ஓசூர் ஷெட்டு நேற்று வரை பாக்டரி. இன்று அது பாக்டரி அன்று. புகை மட்டும் நேற்றைய புகைதான். எட்டே பேர் உள்ள ஷெட்டோ அன்றும் இன்றும் அநாதை. ஆள் குறைந்த இடத்தில்தான் புகை அதிகம் என்பதைப் பார்த்தறிந்தவர்கள் அறிவார்கள். சட்டம் ஆளை எண்ணுகிறதே ஒழியப் புகையை எண்ணவில்லை.

இன்னொன்று. நாற்பது வயது கடந்த தொழிலாளிகளுக்கு முதலாளி செலவில் வருஷாந்தர வைத்தியப் பரிசோதனை உண்டு என்று பெருமையோடு விளம்பரம் செய்யப்பட்டிருக்கிறது. நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் ஓசூர் ஷிப்டு பஸ்களிலிருந்து இறங்குகிறவர்களின் முகங்களைப் பாருங்கள். இருபது, இருபத்திரண்டு வயது. ஐ.டி.ஐ. முடித்த தர்மபுரிப் பையன்கள், ஒடிஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள், விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் இளம் பெண்கள். இவர்களில் பலர் நாற்பது வயதில் இந்தத் தொழிலிலும் இருக்க மாட்டார்கள், இந்த ஊரிலும் இருக்க மாட்டார்கள். நோய் தலைகாட்டும்போது அவர்கள் தங்கள் கிராமத்தில் இருப்பார்கள். அங்குள்ள டாக்டருக்கு ஓசூர் ஷெட்டு ஞாபகத்துக்கு வராது. நோயாளியிடம் 'உன் தொழில் என்ன?' என்று முதலில் கேளுங்கள் என்று 1700-ம் வருஷத்திலேயே இத்தாலிய வைத்தியர் ரமாஜினி எழுதிவைத்தார். இருபது வயதில் வேலையில் சேரும் நாளிலேயே மார்புப் படமும் மூச்சளவும் எடுத்து, தொழிலோடு சேர்த்து ஒரு சீட்டில் பதித்து, அது அவன் போகும் ஊருக்கெல்லாம் கூடப் போகும்படி செய்தாலன்றி, நாற்பது வயதுப் பரிசோதனை யாருக்கோ செய்த பரிசோதனையாகவே முடியும்.

வாடகை அறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜன்னல் இல்லாத அறையில் நாலு பேர் படுத்து, அதே அறையில் சமைத்து, அதே அறையில் கொசுவர்த்தி கொளுத்துகிறார்கள். கிராமங்களில் விறகடுப்பு மூட்டும் பெண்களின் கதி தெரிந்ததே. தமிழ்நாட்டுச் சமையலறைகளில் அந்தப் புகையைக் கருவி வைத்து அளந்து உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்கள் போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிலையத்து விஞ்ஞானிகள். அளக்க முடியாதென்று சொல்ல இனி யாருக்கும் வாயில்லை. அறை வாடகை வாங்குகிறவர் ஜன்னல் வைக்க வேண்டும் என்று மாநகராட்சி ஒரு விதி செய்து, அதைப் பார்த்து வர ஆளையும் அனுப்பலாம்.

ஓசூருக்கு இன்னொரு விசேஷச் சங்கடம் உண்டு, அது எல்லை. ஜூஜூவாடியில் தமிழ்நாடு முடிந்து அத்திப்பள்ளியில் கர்நாடகம் தொடங்குகிறது. அப்பால் பொம்மசந்திராவும் ஜிகணியும் நம் ஓசூரைப் போன்ற தொழிற்பேட்டைகளே. பெங்களூரின் கழிவு தென்பெண்ணையில் கலந்து கெலவரப்பள்ளி அணையில் நுரை நுரையாகப் பொங்கியபோது ஜனங்கள் கொதித்தெழுந்தனர். நுரை கண்ணுக்குத் தெரிந்தது. ஆடி மாதத்து மேல்காற்றில் ஆனேக்கல் பக்கத்துப் புகை நம்மிடம் வருவதும், ஐப்பசியில் காற்று திரும்பியதும் நம் புகை அங்கே போவதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரு ராஜ்யங்களுக்கும் இரண்டு வாரியங்கள். ஆகாயத்தில் செக்போஸ்டு போட யாராலும் முடியாது.

இந்த எல்லையைக் காட்டித்தான் வழக்கமான பயமுறுத்தலும் வருகிறது. 'அதிகம் நெருக்கினால் பட்டறைகள் அத்திப்பள்ளிக்குப் போய்விடும்' என்கிறார்கள் இங்கே. 'ஓசூருக்குப் போய்விடும்' என்கிறார்கள் அங்கே. இருவர் வாதத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், போவதற்கு இடமில்லை என்பது விளங்கும். சட்டத் தொகுப்பு மத்திய சர்க்காருடையது; விதிகள் செய்யும் பொறுப்பு பெரும்பாலும் ராஜ்யங்களுடையது. சென்னையும் பெங்களூரும் கலந்து பேசி இந்த எல்லைப் பிரதேசத்துக்கு ஒரே அளவை வகுத்துக்கொண்டால் பயமுறுத்தல் தானே ஒழியும். இதற்கென்று தென்மண்டலக் கவுன்சில் என்ற ஸ்தாபனமும் இருக்கிறது. தண்ணீர்ச் சச்சரவில் ஒருவரையொருவர் முறைத்துப் பார்க்கும் இரு சர்க்கார்களும் காற்றிலாவது கைகோத்துப் பார்க்கலாம்.

சிறு பட்டறை முதலாளியின் கஷ்டத்தை நாம் அறியாதவர்கள் அல்ல. அவரும் பெரும்பாலும் அதே ஷெட்டில் நிற்கிறவர். அவர் இழுப்பதும் அதே மூச்சு. உறிஞ்சு குழாய்க்கும் வடிகட்டிக்கும் பணம் வேண்டும். அவருக்குக் கிடைக்கும் லாபமோ ஓர் உறுப்புக்குச் சில காசுகள். ஆகவே இந்தப் பொறுப்பை அவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமன்று. அவரிடம் உறுப்பு வாங்கும் பெரிய ஆலை எதையெல்லாம் நிபந்தனை செய்கிறது என்று பாருங்கள். ஒரு தண்டின் கனம் இத்தனை மைக்ரானுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்கிறது; வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் அனுப்பி அவருடைய யந்திரங்களையும் ரிஜிஸ்தர்களையும் தணிக்கை செய்கிறது. அந்தத் தணிக்கைத் தாளில் ஷெட்டின் காற்றையும் சேர்க்கட்டும். விலை நிர்ணயத்தில் அதற்குரிய செலவையும் சேர்க்கட்டும். மைக்ரான் கணக்கு உறுப்புக்கு உண்டென்றால், உறுப்பைச் செய்கிறவனுடைய சுவாசப் பைக்கும் உண்டு. புகை அடக்கும் சாதனத்துக்குக் குறைந்த வட்டிக் கடன் கொடுப்பது சர்க்காருக்குப் பெரிய காரியமன்று. ஆலை கொண்டு வருகிறவர்களுக்கு நிலமும் வரிச் சலுகையும் கொடுக்கத் தயங்காத சர்க்கார்தானே இது.

நாம் கேட்பது இவ்வளவுதான். வெல்டிங், கிரைண்டிங், பிளேட்டிங், வார்ப்படம், கல் ஆகிய தொழில்களுக்கு, ஆள் எண்ணிக்கை எதுவானாலும், காற்றை அளக்கும் கடமையை ராஜ்ய சர்க்கார் தன் விதிகளில் எழுத வேண்டும். அளப்பதும் ஷெட்டின் வாசலில் அல்ல, தொழிலாளியின் மூக்கருகில். சட்டைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சிறு வடிகட்டியும் இடுப்பில் செருகும் சிறு பம்பும் கொண்ட கருவி நெடுங்காலமாக இருக்கிறது. ஒரு ஷிப்டு முழுதும் அவனோடு போய் அவன் இழுத்த காற்றைக் கணக்கெடுக்கிறது. சிறு பட்டறைகளுக்கு அதை இரவல் கொடுக்கவும், வடிகட்டியை நிறுத்துப் பார்க்கவும் ஓசூரிலேயே ஒரு சோதனைச் சாலை வேண்டும். தொழிலகப் பாதுகாப்பு சுகாதார இலாகா அதை நடத்தலாம். வந்த எண்ணை இலாகா அலமாரியில் பூட்டாமல், தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஹிந்தியிலும் வாசலில் எழுதிப் போட வேண்டும். 'விபத்தில்லாத நாட்கள் இத்தனை' என்று ஆலை வாசல்களில் பலகை தொங்குவதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். அதன் கீழேயே இதற்கும் இடம் இருக்கிறது.

இனி, நமது தொழிற் சங்கத் தோழர்களுக்கு. சம்பள ஒப்பந்தப் பேச்சுகளில் போனஸையும் காண்டீன் சாப்பாட்டையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுக்கிறீர்கள். எட்டு மணி நேர வேலையில் ஒரு தொழிலாளி உட்கொள்ளும் காற்று சுமார் 10 கன மீட்டர். காண்டீன் சாப்பாட்டை விட அது எத்தனையோ மடங்கு அதிகம். அடுத்த ஒப்பந்தத்துக்கு ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் கோரிக்கைப் பட்டியல் தயாராகும்போது, பெரிய ஆலையின் நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டுமன்றி, அந்த ஆலைக்கு உறுப்பு செய்து கொடுக்கும் ஷெட்டுகளில் உள்ளவர்களுக்கும் சேர்த்து, அளந்த காற்றை எழுத்தில் கேளுங்கள். அந்தப் பிரதேசத்துச் சட்டசபை அங்கத்தினர்கள், வருகிற கூட்டத்திலேயே, கிருஷ்ணகிரி ஜில்லாவின் கல் குவாரிகளில் சென்ற ஐந்து வருஷங்களில் எத்தனை பேருக்கு மார்புப் படம் எடுக்கப்பட்டது, எத்தனை ஷெட்டுகளில் காற்று அளக்கப்பட்டது என்ற இரண்டு கேள்விகளை மந்திரியிடம் கேட்கட்டும். வரும் விடையை, அது எதுவாயினும், இதே பத்தியில் பிரசுரிக்கக் காத்திருக்கிறோம்.